அந்தக் கூரைமேல் ஸ்டெல்லாக்கா பெயர் வேண்டாம்

டோல்கேட் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டெல்லாக்கா வருவதற்குத் தாமதமாகிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நாங்கள் இருவரும் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் ஒரு சமுதாயக்கூடத்தின் கூரையைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. ஏணி அங்கேயே கிடைக்குமா, நாங்கள் கொண்டுபோக வேண்டுமா என்பது முந்தின நாள் மாலைவரை முடிவாகவில்லை. அவருடைய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தவுடனே, "எங்கக்கா கீற, வெயில் ஏறிகினே போவுது, ஏணிக்குச் சொன்னியா இல்லியா?" என்றேன்.  எதிர்முனையில் அவருடைய கணவர் அந்தோணி அண்ணனின் குரல், "தேவி, ஸ்டெல்லா போய்ட்டாம்மா" என்றது.

"எங்கண்ணா போய்ட்டாங்க, நான் இங்கதான நிக்கறேன்" என்று நான் சொன்னது நினைவிருக்கிறது. அவர் இன்னொரு முறை சொன்னார். காலையில் தலை வலிக்கிறது என்று சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தாராம். டீத்தூள் டப்பா மடியில் இருந்ததாம். எழுப்பினால் எழவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். எல்லாவற்றுக்கும் "சரிண்ணா, சரிண்ணா" என்றேன். பேசி முடித்ததும் எண்ணூர் பேருந்து வந்தது. ஏறிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, இறங்கியதும் யாரைப் பார்க்க வேண்டும், எதை எதைப் படம் எடுக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனேன். திருவொற்றியூர் தேரடியில் கூட்டம் இறங்கும்போதுதான், அக்காவின் வீடு ராயபுரத்தில் இருக்கிறது, நான் எதிர்த்திசையில் போகிறேன் என்று உறைத்தது. அப்போதும் எனக்கு முதலில் தோன்றியது, அக்காவைக் கூப்பிட்டு வழி மாறிப் போய்விட்டேன் என்று சொல்ல வேண்டும் என்பதுதான்.

ராயபுரம் வீட்டுக் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வாழ்நாளில் அவர் கட்டவே விரும்பாத பட்டுப்புடவை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். எல்லோரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். மின்விசிறிக் கொக்கியிலிருந்து ஜன்னல்வரை மெல்லிய விரிசல் ஒன்று ஓடியது. இது மேல்பூச்சில் மட்டும் இருக்கிற விரிசலா, உள்ளே போகிற விரிசலா என்று கேட்பதற்காகத் திரும்பினேன். கேட்க வேண்டியவர் கீழே கண்மூடிப் படுத்திருந்தார். அந்தக் கணத்திலிருந்து இன்றுவரை நான் வெளியே வந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

நம் கேரம் மன்றத்தாருக்கு அவரைத் தெரியும். இந்த நினைவு மலர் அவரைத் தெரியாதவர்கள் கைக்கும் போகும் என்பதால் சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லாக்கா கட்டட உறுதியைப் பார்க்கும் பொறியாளர். தண்டையார்பேட்டையில் எங்கள் சிறிய அலுவலகத்துக்கு வேலையே பழைய பொதுக் கட்டடங்களைப் பரிசோதிப்பதுதான். கேரம் மன்றம், உடற்பயிற்சிக் கூடம், படிப்பகம், சமுதாயக்கூடம் என்று வடசென்னையில் ஜனங்கள் கூடி விளையாடுகிற, கல்யாணம் செய்கிற, சும்மா உட்கார்ந்து பேசுகிற இடங்கள். அவற்றின் கூரை இன்னும் தாங்குமா, தாங்காதா என்று அவர் பார்ப்பார். நான் வரைபடம் போட்டு அறிக்கை எழுதுவேன். நானும் கட்டடப் பொறியியல் படித்தவள்தான். ஆனால் இந்த ஊர் உப்புக்காற்றுக்கு முன்னால் பாடப்புத்தகத்துக் கான்கிரீட் நிற்காது என்பதை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கண்டுகொண்டோம்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றபோது, மன்றத்தின் செயலாளர் கஜா என்னிடம் வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தேவிக்கா, அக்காவுக்குன்னு எதுனா செய்யணும்ல. பசங்க பேசிட்டோம். நம்ம மன்றத்து மாடில பெருசா ஒரு தண்ணி டேங்க். அக்கா பேரு, அக்கா போட்டோ. தெருவே குடிக்கும்."

"மாடிலயா?" என்றேன்.

"பின்ன, நம்ம வயக்கம் உனுக்குத் தெரியாதா? சின்னதா ஒரு மலரும் போடறோம். நீதான் எழுதற. உன்ன வுட்டா அக்காவப் பத்தி யாரு எழுதுவா?"

நான் தலையாட்டிவிட்டேன். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. காலையில் ஒரு இடி, மாலையில் ஒரு இடி. இரண்டாவது இடியும் அன்பாக வந்ததால் அதை இடி என்று புரிந்துகொள்ளவே எனக்குச் சில நாள் பிடித்தது. மலருக்கான பக்கங்களை இவ்வளவு தாமதமாகத் தருவதற்குக் காரணம் இதுதான். கஜா தினமும் கேட்டான். நான் பாப்பாவுக்குச் சளி, பாப்பாவுக்குப் பரீட்சை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன். அந்தத் தொட்டி மேலே ஏறக்கூடாது. அதற்குக் கீழேதான் என் ஏழு வயது மகள் யாழினி தினமும் சாயங்காலம் ஸ்டூல் போட்டு நின்று கேரம் ஆடுகிறாள். உங்கள் பிள்ளைகளும் ஆடுகிறார்கள்.

வழக்கம் எது என்று எனக்குத் தெரியும். நம் மன்றம் நிற்பது ஒரு சந்தில். முன்னாலும் இடமில்லை, பின்னாலும் இடமில்லை. யாராவது இறந்தால் அவர் நினைவாக ஏதாவது வைக்க மொட்டை மாடியை விட்டால் வேறு இடம் கிடையாது. அதனால் இத்தனை வருடமாக நம்முடைய இறந்தவர்கள் எல்லோரும் மேலே போனார்கள். பந்தயப் புறா வளர்த்த ஒருவருக்காகச் செங்கல்லில் ஒரு புறாக்கூண்டு. மூத்த ஆட்டக்காரர் ஒருவருக்காகச் சிமென்ட் பெஞ்சு. கொடிமேடை ஒன்று. படகோட்டி தாஸ் அண்ணனுக்காக, அவருடைய படகின் இரும்பு நங்கூரத்தையே தூக்கிக்கொண்டுபோய்ச் சிமென்ட் பீடத்தில் நட்டு வைத்தீர்கள். போதாததற்கு, மழைக்கு ஒழுகும்போதெல்லாம் யாராவது ஒருவர் அப்பா நினைவாக, அம்மா நினைவாகத் தளத்தின்மேல் இன்னொரு பூச்சு, இன்னொரு வரிசை தட்டோடுகள் என்று போட்டுக்கொண்டே வந்தார்கள். பழையதை யாரும் பெயர்க்கவில்லை. அது யாரோ ஒருவருடைய அம்மா அல்லவா.

ஸ்டெல்லாக்கா முதல்முறை நம் மன்றத்துக்கு வந்தபோது உடனே மேலே ஏறவில்லை. கீழே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேமராவோடு நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லா போர்டும் ஏன் இந்தப் பக்கமே போட்டுக் கீறீங்க, அந்தப் பக்கம் காலியாதான கீது?" என்று கேட்டார்.  எப்போதுமே அப்படித்தான் என்றார்கள். அக்கா என்னிடம் மெதுவாக, "யாரும் முடிவு பண்ணல தேவி. பவுடர் போட்ட போர்டுல மேலேர்ந்து மண்ணு வுழுந்துகினே இருந்தா ஆட முடியாதுல்ல. கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போட்டுக் கீறாங்க. எங்க போர்டு இல்லியோ, அங்க கூரைக்கு நோவு" என்றார். அதன் பிறகு நாங்கள் போன எந்த இடத்திலும் அவர் முதலில் ஆட்களைத்தான் பார்த்தார். எந்த மூலையில் யாரும் குந்துவதில்லை என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் ஏணியைக் கேட்பார்.

நம் மன்றத்தில் அன்றைக்கு ஏணி வந்ததும் சிறிய சுத்தியலை எடுத்துக் கூரையின் அடிப்பக்கத்தைத் தட்டத் தொடங்கினார். கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் விட்டுப்போன இடத்தில் சத்தம் மாறும். நல்ல இடத்தில் கணீரென்று வரும், விட்டுப்போன இடத்தில் பொத்தென்று வரும். காது வைத்துக் கேட்டபடி நகர்வார். மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இன்னாமே, தேங்கா வாங்க வந்தியா?"

"ஆமா நைனா. எது முத்தலு, எது அழுகலுன்னு பாத்துகினு கீறேன்."

"பாத்து, உடைச்சிறாத. தலைக்கு நேரா நீதான் நிக்கற."

"உடைஞ்சா சட்னி உனுக்குத்தான் நைனா."

மன்றமே சிரித்தது. சிரித்துக்கொண்டே தட்டியவர், கடல் பக்கத்துப் பாதிக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்தினார். அங்கே தட்டின இடமெல்லாம் பொத்தென்றது. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தானே கையைப் பிடித்து இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டார். அதற்குப் பிறகுதான் மாடிக்குப் போனார். மேலே புறாக்கூண்டையும் பெஞ்சையும் நங்கூரத்தையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "செத்தவங்க அல்லாரும் மேல குடியிருக்காங்கடி. ஒருத்தர் கூட காலி பண்ணல" என்றார். அதைக் கிண்டலாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் கிண்டல் இல்லை.

கூரையிலிருந்து பாரத்தை இறக்க வேண்டும் என்று கமிட்டியில் சொல்லியிருந்தால் போதும். தீர்மானம் போட்டிருப்பார்கள், சண்டை வந்திருக்கும், பாதி இறங்கியிருக்கும். அக்கா அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் உரிய வீட்டைத் தேடிப் போனார். நானும் கூடப் போனேன். தாஸ் அண்ணனின் மனைவி மல்லிகாக்காவைப் பார்க்க மீன் சந்தைக்குப் போனோம். அவர் சங்கரா மீனைச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா சுற்றி வளைக்கவில்லை. வந்த காரியத்தைச் சொன்னார்.

மல்லிகாக்கா தலை நிமிரவில்லை. "கடல்ல போனவர ஒரு வாட்டி குழில எறக்கியாச்சு. இப்ப மாடிலேர்ந்தும் எறக்கணுமா?" என்றார்.

எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அக்கா அந்த ஈரத்தில் மல்லிகாக்காவுக்குப் பக்கத்தில் குந்தினார். "யக்கா, அவரு வெயிட்டு தாங்க அந்தக் கூரையால முடியல. பொய் சொல்லி உன்னாண்ட கேக்க எனக்கு இஷ்டமில்ல. உம் பேச்சுக்கு மேல நான் கை வெக்கமாட்டேன். ஆனா மன்றத்த மூடச் சொல்லிருவேன்."

"உம் புள்ள அங்க ஆடுதா?"

"என் பையன் பெரியவன் ஆயிட்டான். தோ, இவ பொண்ணு ஆடுது."

மல்லிகாக்கா அப்போதுதான் என்னைப் பார்த்தார். மீன் செதில் ஒட்டின கையோடு ஏறிட்டுப் பார்த்த அந்தப் பார்வையை நான் எப்படிச் சொல்வது. கெஞ்சவும் முடியாமல், கேட்காமல் இருக்கவும் முடியாமல் நின்றேன். அவர் மறுபடி குனிந்து மீனைத் தேய்த்தார். "கயிறு போட்டு எறக்கணும். உம் ஆளுங்களுக்குத் தெரியாது. எங்க ஆளுங்கள அனுப்பறேன்" என்றார்.

நங்கூரம் இறங்கின நாளை நம்மில் பலர் பார்த்தோம். படகு இழுக்கிறவர்கள் முடிச்சுப் போட்டு, ஓசை கொடுத்து, சிறுகுழந்தையை இறக்குவதுபோல இறக்கினார்கள். இன்று அது மன்றத்து வாசலில் சுவரோரம் இருக்கிறது. பிறகு புறாக்கூண்டு பிரிந்தது, பெஞ்சு போயிற்று. தட்டோடுகளை வரிசை வரிசையாகப் பெயர்த்தபோது ஒவ்வொரு வீட்டுக்காரரும் வந்து நின்றார்கள். கூரையின் கடல் பக்கத்துப் பாதிக்குக் கீழே அக்கா முட்டுக்கொடுக்கும் இரும்பு ஜாக்கிகளை நிறுத்தி, கயிறு கட்டி, யாரும் போகாதபடி அடைத்தார். மறுபாதியில் மட்டும் ஆடலாம் என்றார். அறிக்கையில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: மேலே எந்தப் பாரமும் ஏற்றாதவரை மட்டும். "மட்டும்" என்ற சொல்லுக்குக் கீழே கோடு போடச் சொன்னார். கம்பி மாற்றிச் செப்பனிடுவதற்கு இன்னும் அனுமதி வரவில்லை. அதுவரை நிலைமை இதுதான்.

அவர் எல்லாவற்றையும் மூடச் சொல்கிற ஆள் என்று சிலர் நினைத்தார்கள். அப்படி இல்லை. வியாசர்பாடியில் ஒரு படிப்பகத்தின் கூரை முழுக்கக் கறுத்து, பாசி பிடித்துப் பார்க்கவே கலீஜாக இருந்தது. நான் உள்ளே போகவே பயந்தேன். அக்கா தட்டிப் பார்த்துவிட்டு, "அழுக்குடி, நோவு இல்ல. குளிக்காத ஆளு, ஆனா கல்லு மாரி கீறான்" என்றார். மாடிக்குப் போய் மழைநீர்க் குழாயில் கைவிட்டு ஒரு டென்னிஸ் பந்தையும் கந்தையான இறகுப்பந்துகளையும் எடுத்து வெளியே போட்டார். தேங்கியிருந்த தண்ணீர் சலசலவென்று இறங்கியது. அந்தப் படிப்பகத்துக்கு அவர் செய்த வைத்தியம் அவ்வளவுதான்.

மணலி புதுநகரில் நேர்மாறு. ஒரு உடற்பயிற்சிக் கூடம். நாங்கள் வருகிறோம் என்று வெள்ளையடித்து, பிளாஸ்டிக் தகட்டில் பொய்க்கூரை போட்டு, பூ போட்ட விளக்கெல்லாம் மாட்டியிருந்தார்கள். நடத்துகிறவர் பெருமையோடு, "எப்டி மேடம், சோக்கா கீதுல்ல?" என்றார்.

"சூப்பரா கீது. அந்த ஒரு தகடு மட்டும் கயட்டுங்க."

"இப்பதான் மேடம் மாட்னோம்."

"அதான் கேக்கறேன். இன்னாத்துக்கு இப்ப மாட்னீங்க?"

கழற்றியதும் கூடவே கையகலக் கான்கிரீட் துண்டொன்று அக்காவின் தோளை உரசி விழுந்தது. ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் கையில் மாட்டியிருந்தார், மல்லிகைப் பூ நசுங்கும் என்று. நான் கத்தினேன். அவர் அந்த ஆளிடம் கத்தவில்லை. தோளைத் தட்டிக்கொண்டு, "அண்ணே, நீ பசங்களுக்கு நல்லது செய்யணும்னுதான் செஞ்ச. எனக்குத் தெரியுது. ஆனா இன்னிக்கே மூடு" என்றார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும், "கெட்டவன்ட வேணாம்னு சொல்றது ஈசிடி. ஆசையா செஞ்சிட்டு மூஞ்சப் பாக்கறான் பாரு, அவன்ட சொல்றதுதான் பேஜாரு" என்றார். அப்போது இந்த வாக்கியம் ஒரு நாள் எனக்குத் தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

நான் பயந்த சுபாவம். இதை மன்றத்தில் எல்லோரும் அறிவீர்கள். பள்ளி வேன் கொஞ்சம் தாமதமானால் ஓட்டுநருக்கு நான் செய்கிற அழைப்புகளால் அவர் என் எண்ணைப் பார்த்தாலே, "வண்டி சிக்னல்ல கீதும்மா, பொண்ணு முறுக்கு துன்னுகினு கீது" என்று ஹலோகூடச் சொல்லாமல் சொல்வார். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் கனமழை. யாழினி மன்றத்தில் இருந்தாள். மழையின் பாரத்தில் கூரை இறங்கிவிடும் என்று எனக்கு உள்ளே ஒரு குரல். சேலையோடு தெருத்தண்ணீரில் ஓடிவந்து, ஆட்டத்தின் நடுவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். குழந்தை, "அம்மா, ரெட் போடப் போனேன், கெடுத்துட்ட" என்று அழுதது. ஸ்டெல்லாக்கா குடையில்லாமல் எதிரே வந்தார். அவரும் மழையைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை இறக்கிவிடச் சொன்னார். கயிற்றுக்கு உள்ளே என்னை அழைத்துப் போய் ஒரு ஜாக்கியின்மேல் என் கையை வைத்தார்.

"ஆடுதா?"

"இல்லக்கா."

"அடுத்தது. ஆடுதா?"

ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் தொட வைத்தார். பிறகு மாடிக்கு அழைத்துப் போனார். மழை வெறும் தளத்தின்மேல் விழுந்து, நிற்காமல் குழாய்களுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பொருள்கூட இல்லை. நனைந்துகொண்டே நின்றோம். "பயப்படு. பயப்படாதன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வந்து தொட்டுப் பாத்துட்டுப் பயப்படு" என்றார். அன்றைக்குக் கீழே இறங்கி வந்து, யாழினியை அதே இடத்தில் ஸ்டூல்மேல் ஏற்றிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த தைரியமான காரியம் அது ஒன்றுதான். மேலே ஒன்றும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்ததால் செய்தேன்.

நேற்று தொட்டியைப் பார்த்தேன். மன்றத்து வாசலில் இறங்கியிருக்கிறது. கறுப்பு நிறம், ஆள் உயரத்துக்கு மேல். அதன்மேல் அக்காவின் படத்தை வரைந்திருக்கிறீர்கள். நன்றாகவே வந்திருக்கிறது. அந்தச் சிரிப்புகூட வந்திருக்கிறது. தெருவோரம் அந்த உருண்டைக் கறுப்பிலிருந்து அவர் என்னைப் பார்த்துச் சிரித்தபோது எனக்கு மறுபடியும் முதல் நாள்போல ஆனது. மேலே ஏற்ற வேண்டாம் என்று கஜாவிடம் சொன்னேன்.

"நல்ல பக்கத்துலதான வெக்கறோம், தேவிக்கா. ஜாக்கி பக்கம் போவவே மாட்டோம்."

"நல்ல பக்கம் ஏன் நல்லா கீது கஜா? மேல ஒண்ணும் இல்லாததாலதான்."

"ஒரே ஒரு டேங்க்குக்கா."

"அல்லாரும் அப்டித்தான சொன்னாங்க? ஒரே ஒரு கூண்டு, ஒரே ஒரு பெஞ்சு."

அவன் கோபப்படவில்லை. தொட்டிமேல் கையை வைத்துக்கொண்டு, "அப்ப அக்காவுக்கு நாங்க ஒண்ணியும் செய்யக்கூடாதா? எங்க ஆளு இல்லியா அவங்க?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற பையன்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.  பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். ராத்திரி முழுவதும் அந்தக் கேள்விதான் ஓடியது.

கஜா, உனக்கும் மற்றவர்களுக்கும் என் பதிலை இங்கே எழுதுகிறேன். அவர் நம் ஆள்தான். மேலே வைத்தவர்கள் எல்லோரும் நம் ஆட்கள்தான். தாஸ் அண்ணனை மேலிருந்து இறக்கச் சம்மதித்த மல்லிகாக்கா இந்தத் தெருவில் இருக்கிறார். அவர் கண்ணெதிரே வேறொருவரை ஏற்றினால், அவர் கொடுத்த சம்மதத்துக்கு என்ன அர்த்தம்? தொட்டி இருக்கட்டும். தெருவிலேயே மேடை கட்டி வைப்போம். இடம் இல்லை என்று சொல்லாதீர்கள். வாசலில் நிறுத்துகிற வண்டிகளில் ஒன்றிரண்டு நகர்ந்தால் இடம் உண்டு. தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் அந்த முகத்தை நேருக்கு நேர் பார்ப்பார்கள். ஆனால் மேலே கூடாது. அவர் பெயர், அவர் படம், ஒரு செங்கல், ஒரு பூச்சட்டி, எதுவும் கூடாது.

தொட்டியை ஏற்ற ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மாடிக் கதவைத் திறக்க வேண்டியிருக்கும். பாரமெல்லாம் இறங்கிய பிறகு கமிட்டி அந்தக் கதவுக்குப் புதுப்பூட்டுப் போட்டு, சாவியை ஸ்டெல்லாக்காவிடம் கொடுத்திருந்தது. ஏழாம் நாள் பூசைக்குப் போயிருந்தபோது அந்தோணி அண்ணன் அதை என் கையில் வைத்தார். "இது எந்தக் கதவுதுன்னு எனக்குத் தெரியலம்மா. உனக்குத் தெரியும்னு குடுக்கறேன்" என்றார். வீட்டுக்கு வந்து அதை அரிசிச் சம்படத்துக்குள் போட்டு வைத்தேன். அது இருக்கிற இடம் தெரிந்தும், இதை எழுதுகிற நேரத்தில் மூன்று முறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அக்காவின் சுத்தியலை அவருடைய மகன் வைத்துக்கொண்டான். ஹெல்மெட் அலுவலகத்தில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கென்று வந்தது இந்தச் சாவிதான். நீங்கள் அழுதுகொண்டு கேட்டாலும், என்னோடு பேசாமல் போனாலும், என் மகளோடு உங்கள் பிள்ளைகள் ஆடக்கூடாது என்று சொன்னாலும், அதை நான் தரமாட்டேன்.